கடலோரக் கல்லூரி நூலகமும் நூலக அறிவியல் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான இராமநாதபுரம் கடற்கரையில் கல்லூரி நூலகத்தை நடத்துபவர்களும், நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உப்புக்காற்றில் தொடங்கி ஆய்வேட்டில் முடிகின்றன. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

இரும்பு ரேக்குகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன? பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லையே?

ஜன்னல் வழியாக வரும் காற்றில் நுண்ணிய உப்புத்துகள் இருக்கிறது. அது ரேக்கின் மேல் படிந்துவிடும். சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தானாக நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பு அப்படியல்ல. அதில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. 33 விழுக்காட்டிலேயே அது ஈரத்தைப் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே நம் கடற்கரையில் படிந்த உப்பு எந்நேரமும் கொஞ்சம் நனைந்தேதான் கிடக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் துரு உள்ளே இருந்தபடி பரவும், பெயிண்ட் செதில் செதிலாக உரியும்.

முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்தெடுக்க வேண்டும், உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கப்புறம்தான் பெயிண்ட். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிப்பாக இருந்தால் அதைக் கொண்டு துடைப்பதில் பயனே இல்லை. ரேக்கின் அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். கடலைப் பார்த்த வெளிச்சுவரை ஒட்டி ரேக் போடாதீர்கள். கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

பழைய ஆய்வேடுகள், கட்டுரைப் பிரதிகள், சிற்றிதழ்களில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் தையுங்கள். தாளைத் தின்னும் முதல் எதிரி பல நேரம் பூச்சியல்ல, அந்தப் பின்தான்.

ஈரப்பதமானி வாங்கினோம். அது காட்டும் எண்ணை நம்பலாமா?

சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. விலை குறைந்த கருவிகள் ஐந்து, பத்து விழுக்காடு கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம். சோதனைக்குச் செலவு கிடையாது. பாட்டில் மூடி ஒன்றில் பாக்கெட் தூள் உப்பை நிரப்பி, சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டு தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கருவி 75 காட்ட வேண்டும். 69 காட்டினால், இனி எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் 6 கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் உப்பளம் இருக்கிறதே என்று கல்லுப்பைப் போடாதீர்கள். மேலே சொன்ன மக்னீசியம் அளவைக் கீழே இழுத்துவிடும்.

எத்தனை விழுக்காடு வரை பரவாயில்லை?

65க்குக் கீழே வைத்திருக்க முடிந்தால் பூஞ்சணம் பெரும்பாலும் வராது. 70க்கு மேல் தொடர்ந்து நின்றால் வரும் வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக் கையேடுகளில் பார்க்கும் 50 விழுக்காடு, 18 டிகிரி என்ற கணக்கு நம் கட்டடங்களுக்கும் மின்கட்டணத்துக்கும் ஒத்துவராது. அதை இலக்காக எழுதி வைத்துவிட்டு எட்ட முடியாமல் விடுவதைவிட, ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதே பலன் தரும்.

அரிய நூல் அறைக்கு ஏசி போட்டோம். அதற்குப் பிறகுதான் பூஞ்சணமே அதிகமானது. ஏன்?

காலையில் போட்டு மாலையில் அணைப்பதால்தான். ஒரு கணக்குப் பார்ப்போம். வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படிந்துவிடும். ஏசியால் 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்த புத்தக அட்டை மேல், கதவைத் திறந்ததும் இந்தக் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் போல வியர்க்கும். ஐந்து மணிக்கு ஏசியை அணைத்து, காற்றாடட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைக்கிறவர்கள் தினமும் புத்தகத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றே சொல்லலாம்.

இரவும் பகலும் ஓட்ட முடியாது என்றால் அந்த அறைக்கு ஏசியே வேண்டாம். மின்விசிறியும், ஈரம் உறிஞ்சும் கருவியும் போதும். ஏசி இருந்தே ஆக வேண்டும் என்றால் 27 டிகிரியில் வையுங்கள். அணைத்த பிறகு அறை தானாக வெளி வெப்பத்துக்கு வரும்வரை ஜன்னலைத் திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னலைத் திறப்பதால் எந்த லாபமும் இல்லை. காய்ந்த காற்று வீசும் மாதங்களில், பிற்பகலில் திறக்கலாம். எந்த மாதம், எந்த மணி என்பதை உங்கள் கட்டடத்தில் ஓராண்டு எடுத்த அளவுகள்தான் சொல்லும். அந்த ஓராண்டுப் பதிவே நல்ல ஆய்வுக் கட்டுரைக்குப் பொருள்.

இராமபாணமும் கரையானும் வந்துவிட்டன. நாப்தலீன் உருண்டை போடலாமா?

வேண்டாம். வாடை படிப்பவர் உடம்புக்கு ஆகாது, பூச்சியும் பக்கத்து ரேக்குக்கு நகர்வதோடு சரி. தாளில் ஊறிய மணம் ஆண்டுக்கணக்கில் போகாது.

பூச்சி தாக்கிய புத்தகங்களைக் கனமான பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி மூடி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். இல்லையென்றால் பனி நீர் நேராகத் தாளில் இறங்கும். வீட்டு ஃபிரிட்ஜின் உறைதட்டு அந்தக் குளிரை எட்டாது. மீன் ஏற்றுமதி நிறுவனங்களின் குளிர்கிடங்கை இரவல் கேட்கலாமா என்றால், குளிர் போதும். ஆனால் பை இரட்டையாக இருக்கட்டும், நாற்றம் அட்டையைவிட்டு லேசில் போகாது. ஓலைச்சுவடி, தோல் பைண்டிங், பழைய புகைப்படத் தகடு ஆகியவற்றை இப்படி உறைய வைக்க வேண்டாம்.

கரையானுக்கு உறைபெட்டி உதவாது. அது கட்டடத்தின் பிரச்சினை. அடித்தளத்தில் மருந்து வைக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

புயல் மழையில் புத்தகங்கள் நனைந்துவிட்டன. முதல் இரண்டு நாளில் என்ன செய்வது?

48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும் என்பதை மனதில் வைத்து, எதைக் காப்பது, எதை விடுவது என்று முதல் மணி நேரத்திலேயே முடிவெடுங்கள். கடையில் இன்றும் கிடைக்கும் பாடநூல்களை விட்டுவிடலாம். உள்ளூர் வெளியீடுகள், ஆய்வேடுகள், நூல் சேர்க்கைப் பதிவேடு ஆகியவை முதலில்.

கடல்நீரில் நனைந்தது என்றால், புத்தகத்தை மூடியபடியே இறுகப் பிடித்து, நல்ல தண்ணீர் வாளியில் முக்கி உப்பைக் கழுவ வேண்டும். திறந்து கழுவினால் பக்கம் கிழியும். கழுவாமல் காய வைத்தால் தாளுக்குள் தங்கிய உப்பு மறு மழைக்காலத்தில் மறுபடி ஈரமாகும். பிறகு பத்துப் பத்துத் தாளுக்கு ஒருமுறை உறிஞ்சும் தாளை இடையில் வைத்து, அது நனைந்ததும் மாற்றுங்கள். மின்விசிறிக் காற்று அறையில் சுழலட்டும், நேராகப் புத்தகத்தின் மேல் அடிக்க வேண்டாம். வெயிலில் பரப்பாதீர்கள், அட்டை வளைந்து தாள் அலையலையாகிவிடும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் உள்ள நூல்கள் காய்ந்தால் பாளமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அவற்றை ஈரமாகவே உறைபெட்டிக்கு அனுப்பி நாள் வாங்குங்கள்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை எல்லோரும் பேசுவோம். ஆனால் நூலக மென்பொருளான கோஹாவின் தரவுத்தளக் காப்புப் பிரதியும் அதே கட்டடத்து பீரோவில்தான் இருக்கிறது. ஒரு பிரதியாவது மதுரையிலோ காரைக்குடியிலோ இருக்க வேண்டும்.

கோஹாவில் தமிழ்த் தலைப்பைத் தேடினால் வருவதில்லை. பதிவு இருக்கிறதே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, சீப்ரா தேடுபொறியின் அட்டவணை முறை. நிறுவும்போது பழைய சிஎச்ஆர் முறையைத் தேர்ந்திருந்தால் தமிழ் சரியாகப் பிரிபடாது. ஐசியூ முறைக்கு மாற்றி, முழு அட்டவணையையும் மறுபடி கட்ட வேண்டும். மாற்றிவிட்டு மறுகட்டமைப்பை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

இரண்டாவது, எழுத்துகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே வேறாக இருப்பது. 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமமாகக் கருதுகிறது. எல்லா மென்பொருளும் அப்படிக் கருதுவதில்லை. ஏற்றும் முன் தரவை ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இதைவிடத் தொல்லை 'ஔ'. 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டிய 'ஒளவையார்' எந்தச் சீர்வடிவத்தாலும் 'ஔவையார்' ஆகாது. கையால்தான் திருத்த வேண்டும். துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டியிருப்பதும் இதே ரகம்.

மூன்றாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை அப்படியே ஏற்றியது. திரையில் எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும்; கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல்.

அப்துல் கலாமை எந்தப் பெயரில் பதிவது? 'கலாம்' என்றா?

'அப்துல் கலாம், ஆ. ப. ஜெ.' என்று. தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயரையோ ஊரையோ குறிக்கிறது. இடப்பட்ட பெயரே முதன்மைச் சொல். அரபுப் பெயர்களில் 'அப்துல்' தனித்து நிற்காது, அடுத்த சொல்லோடு சேர்த்தே எடுக்க வேண்டும். மேற்கோள் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால் கீழக்கரை, பெரியபட்டினம் ஆசிரியர்கள் பலர் 'காதர்' என்றும் 'ரஹ்மான்' என்றும் ஒரே குவியலில் விழுகிறார்கள். நிலையான பெயர்க் கோப்பு ஒன்றைக் கல்லூரி அளவிலாவது வைத்திருங்கள். உங்கள் ஆய்வாளர்களை முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் வாங்கச் சொல்லுங்கள்.

கீழக்கரையில் கிடைத்த அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூலை எப்படிப் பட்டியலிடுவது?

எழுத்தைப் பார்த்து மொழியை 'அரபு' என்று போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்புறம் தமிழ் நூல் தேடுபவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நூல் பட்டியல் பதிவுக்கான மார்க் 21 வடிவத்தில் 008 புலத்தின் 35 முதல் 37 வரையிலான இடங்களில் தமிழுக்கான குறியீட்டைப் போடுங்கள். 546 புலத்தில் 'தமிழ், அரபு எழுத்தில்' என்று குறிப்பு எழுதுங்கள். 245இல் தமிழ் எழுத்தில் தலைப்பு, 880இல் அதே தலைப்பு அரபு எழுத்தில். இரண்டையும் ஆறாம் துணைப்புலம் இணைக்கும், வலமிருந்து இடம் என்ற குறியும் அங்கேதான் வரும். நூலுக்குள் அரபு வாசகங்களும் கணிசமாக இருந்தால் 041இல் இரண்டு மொழிகளையும் காட்டுங்கள். தலைப்பை உரக்க வாசித்துச் சொல்ல உள்ளூரில் ஆலிம் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது; ஊகித்து எழுதிய ஒலிபெயர்ப்பு இன்னொரு நூலாகிவிடும்.

உள்ளூர் வரலாற்றுக்கு டியூவி வகைப்பாட்டு எண் என்ன?

தமிழ்நாட்டுக்கு 954.82. மாவட்ட வாரியாக அது பிரித்துக் காட்டாது. எண்ணை நீட்டி விளையாடாமல், பொருள் தலைப்பில் ஊர்ப் பெயர்களைத் தாராளமாகக் கொடுங்கள்.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா?

ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ணுங்கள். 1965இல் இறந்தவரின் நூல் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. ஆசிரியர் பெயரில்லா நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. உரிமை உள்ள நூலாக இருந்தாலும், அச்சுப் பிரதி கையிலிருந்தால் இலாப நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012 திருத்தம் வழி விடுகிறது. அது சேமிக்க மட்டும்; இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட அல்ல.

இடத்தைக் கணக்கிட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏ4 பக்கம் ஒன்றை 400 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் எடுத்தால் சுமார் 46 எம்பி. 300 பக்க நூல் 14 ஜிபியை நெருங்கும். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து வைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிடுங்கள். வன்தட்டு கெட்டது தெரியாமல் கெட்ட கோப்பையே நகலெடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆய்வுத் தலைப்பு: 'மாணவர்களிடையே மின்வளப் பயன்பாட்டு விழிப்புணர்வு' சரிதானா?

தமிழ்நாட்டில் இதே தலைப்பு கல்லூரிப் பெயர் மாத்திரம் மாறிப் போதும் போதும் என்று வந்தாயிற்று. இந்திய ஆய்வேடுகளின் மின்களஞ்சியமான ஷோத்கங்காவில் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தக் கரையில் கேட்கப்படாத கேள்விகள் நிறையக் கிடக்கின்றன. கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு வானிலைச் செய்தி எந்த வழியாக எட்டுகிறது? ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் தரும் மீன்வள இடக் குறிப்பை நாட்டுப்படகுக்காரர் நம்புகிறாரா? பாம்பன் பக்கத்துக் கடல் ஓசை 90.4 பண்பலை, தகவல் மூலமாக எந்த இடத்தில் நிற்கிறது?

களத்துக்குப் போகும் நாளைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். பேச நேரம் கிடைக்கும். ஆனால் அப்போது அவர்கள் தேடும் தகவல் நிவாரணத் தொகையும் படகு மராமத்தும்தான். அதை வைத்து ஆண்டு முழுவதுக்குமான தகவல் தேவை என்று எழுதினால் முடிவு தவறு. தடைக்குள் ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று என்று எடுங்கள். பாசிக்குப் போகிறவர்களை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வீட்டில் தேடாதீர்கள்.

வினாப்பட்டியலில் 'தகவல் நாடும் நடத்தை' என்று அச்சடித்துக் கொடுத்தால் பதில் வராது. 'கடலுக்குப் போகுமுன் காற்று எப்படி இருக்கும்னு யாரைக் கேப்பீங்க?' என்று கேளுங்கள். கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று அவர்கள் சொல்வதை அப்படியே குறியுங்கள். திசையாக மாற்றுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

மாதிரி அளவு எத்தனை?

95 விழுக்காடு நம்பிக்கை, 5 விழுக்காடு பிழை என்றால், 383.16ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்து 1 கூட்டுங்கள், வரும் எண்ணால் 384.16ஐ வகுங்கள். 1,200 மாணவர்களுக்கு 291. 400 பேருக்கு 196. பத்தில் ஆறு படிவம்தான் திரும்பும் என்று தெரிந்தால் 291க்குப் பதில் 485 கொடுக்க வேண்டும்.

எண் சரியாக வந்துவிட்டால் போதாது. படிப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் படிவம் கொடுத்து 'நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்களா' என்று கேட்டால், 90 விழுக்காடு 'ஆம்' வருவதில் வியப்பில்லை. வகுப்புப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். பேருந்து பிடிக்க மூன்றரைக்கே கிளம்பும் கிராமத்து மாணவிகள் அப்போதுதான் கணக்கில் வருவார்கள்.

வினாப்பட்டியலின் நம்பகத்தன்மையைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பிக் கணக்கிட்டீர்களா என்று பாருங்கள். 0.95ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மன்னார் வளைகுடா பற்றி நூலளவியல் ஆய்வு (வெளியான கட்டுரைகளை எண்ணி அளவிடுவது) செய்கிறேன். கட்டுரைகள் குறைவாகவே கிடைக்கின்றன.

ஒரே எழுத்துக்கூட்டில் தேடியிருப்பீர்கள். இன்று ஆங்கிலத்தில் 'மன்னார்' என்பதற்கு நடுவில் இரண்டு 'என்', ஒரு 'ஏ' போடுகிறோம் (Mannar). 1890இல் தர்ஸ்டனும், 1903 முதல் 1906 வரை முத்துச்சிப்பி அறிக்கை வெளியிட்ட ஹெர்ட்மனும் அங்கே ஒரு 'என்', இரண்டு 'ஏ' போட்டார்கள் (Manaar). இராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வடிவம் உண்டு. எல்லாவற்றையும் 'அல்லது' போட்டு இணையுங்கள். பாக் நீரிணை, பாக் விரிகுடா இரண்டையும் சேருங்கள். நேர்காணல் உரைகளில் பாக் விரிகுடா வடகடல் என்றும், மன்னார் வளைகுடா தென்கடல் என்றுமே வரும்.

நிறுவன முகவரியும் ஏமாற்றும். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971இல்தான் மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போனது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் 'மண்டபம் முகாம்' என்றிருக்கும். இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ் 1954 முதல் வருகிறது. பழைய தொகுதிகளுக்கு ஸ்கோப்பஸ் கட்டுரைத் தரவுத்தளத்தை மட்டும் நம்பாமல், அந்நிலையத்தின் திறந்த மின்களஞ்சியத்திலும் இதழ்க் காப்பகத்திலும் நேராகத் தேடுங்கள்.

வரலாற்று ஆவணம் தேடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல். அதற்கு முன் கரையின் செய்திகள் மதுரை ஆவணங்களில் கிடக்கின்றன. 1985க்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரத்தில் சிவகங்கையும் விருதுநகரும் உள்ளடக்கம்; இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிட்டால் சரிவு போலத் தெரியும்.

எழுத்துத் திருட்டுச் சோதனையில் தமிழ் ஆய்வேட்டுக்கு ஒப்புமை 2 விழுக்காடுதான் வந்தது. நிம்மதிதானே?

கோப்பு எந்த எழுத்துருவில் இருந்தது என்று பாருங்கள். பழைய எழுத்துருவில் தட்டியது, படமாக ஸ்கேன் செய்தது இரண்டையும் மென்பொருளால் படிக்கவே முடியாது. அந்த 2க்கு மதிப்பில்லை. யூனிகோடு கோப்பைக் கொடுத்து மறுபடி எடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை, அதற்கு மேல் பதிவு ரத்து. மேற்கோள் காட்டிய பகுதி, துணைநூற்பட்டியல், நன்றியுரை கணக்கில் சேராது.

எந்த இதழில் வெளியிடுவது? யுஜிசி ஏற்ற இதழ்களின் கேர் பட்டியல் இருக்கிறதா?

2025 பிப்ரவரியில் யுஜிசி அதைக் கைவிட்டது. இதழின் ஆசிரியர் குழு, மதிப்பாய்வுக் காலம், கட்டணம் மூன்றையும் நீங்களே விசாரிக்க வேண்டும். மூன்று நாளில் ஏற்பு வந்தால் பணம் கட்டாதீர்கள்.

ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, கல்லூரிகளுக்கான மின்வளச் சந்தாவான என்-லிஸ்ட் இனி தேவையா?

2025 ஜனவரியில் தொடங்கிய அத்திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள். தனியார் கல்லூரி என்றால் அதை நம்பி மற்றச் சந்தாவை விட்டுவிடாதீர்கள். அரசுக் கல்லூரி என்றால் திட்டத்தை நடத்தும் இன்ஃப்ளிப்நெட் மையத்தில் பதிவு முடிந்ததா, வீட்டிலிருந்து நுழையும் வழி வேலை செய்கிறதா என்று ஒரு மாணவர் கைபேசியிலேயே போட்டுப் பாருங்கள்.

ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் காணாமல் போனதற்கு நூலகர் பணம் கட்ட வேண்டுமா?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215 இதற்கு வழிகாட்டி. 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. வழங்கிய, படிக்க எடுத்த ஆயிரம் நூலுக்கு ஐந்து வரையிலான இழப்பு இயல்பானது என்று அவ்விதி ஏற்கிறது. உங்கள் நிர்வாகம் இதைப் பின்பற்றத் தீர்மானம் போட்டிருந்தால்தான் கைகொடுக்கும். சரிபார்ப்புக்கு முன்பே தீர்மானத்தை வாங்கி வையுங்கள். படிப்பறையில் எடுத்த நூல்களையும் தினமும் எண்ணி எழுதாவிட்டால் அந்த ஆயிரம் கணக்கே சிறுத்துவிடும்.

பழைய அட்டைப் பட்டியலை எடைக்குப் போட்டுவிடலாமா?

சேர்க்கைப் பதிவேட்டில் நூறு எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து, அட்டையிலும் கோஹாவிலும் தேடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை அட்டைப் பெட்டியைத் தொடாதீர்கள். பழைய நூலகர்கள் அட்டையில் பென்சிலால் எழுதிய குறிப்புகள், அன்பளித்தவர் பெயர், எந்தக் கட்டில் எந்தச் சிற்றேடு என்பவை கணினியில் ஏறியிருக்காது. அவற்றை 561, 590 புலங்களில் சேர்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.